தலைப்பிரசவத்துக்கு இங்கே வராதே, கண்ணு

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். முதல் சொல்லே பொய்யாக வந்து நின்றது. அதனால் என் நலத்தை விட்டுவிட்டு உன்னுடையதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கால் வீக்கம் வடிந்ததா? இரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்களா? பதிலை மாப்பிள்ளையிடம் சொல்லிப் போனில் சொல்லச் சொல். இனி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்து எழுதினால் நடுவில் எங்கேயாவது மனசு இளகி, சரி வா என்று எழுதிவிடுவேன். ஏழாம் மாதம் முடிந்ததும் இங்கே வருவதாகச் சொன்னாயே, வராதே. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எனக்குத் தெரியாதா? உன்னையே நான் ராசிபுரத்தில் என் அம்மா வீட்டில்தான் பெற்றேன். உன் மாமியார் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனசுக்குள் என்ன நினைப்பார் என்பதும் தெரியும். நினைத்துவிட்டுப் போகட்டும். நீ வராதே.

இதைப் போனில்தான் முதலில் சொன்னேன். நீ, "ஏம்மா, நான் வர்றது பாரமா இருக்குதா?" என்று கேட்டாய். ஊரில் யாருக்கும் கடைசி வார்த்தையை விட்டுக்கொடுக்காத நான், அன்று ரிசீவரை வைத்துவிட்டேன். பாரமா! அடி பைத்தியக்காரி, நீ கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போன நாளிலிருந்து உனக்காக எடுத்து வைத்த பாயும் தலையணையும் அந்த மூலையில் அப்படியே இருக்கின்றன. உன் கேள்விக்கான பதில் போனில் சொல்லக்கூடியது அல்ல. ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இன்றைக்கு எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று உட்கார்ந்திருக்கிறேன். காலை ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

சேலத்தில் என் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள் என்பதுவரை உனக்குத் தெரியும். எடுத்த பிறகும் புண் ஆறவில்லை என்பதை நான் சொல்லவில்லை. ஆறிவிட்டது, நடக்கிறேன், தோசை சுடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தோசை சுடுவது உண்மைதான். அந்தப் புண்ணில் இருக்கும் கிருமிக்கு இன்றைய தேதியில் மருந்து கேட்பதில்லை. காலையும் மாலையும் கட்டை அவிழ்த்துக் கழுவி மறுபடி கட்டுகிறேன். அந்தக் கையாலேயே கதவைத் தொடுகிறேன், குடத்தைத் தொடுகிறேன். பச்சை உடம்புக்காரி நீயும், பிறந்து நாலு நாளான சிசுவும் இந்த வீட்டில் வந்து படுப்பதா? கையுறை போட்டுக்கொள்ளலாம், தனி அறையில் இருக்கலாம் என்று நீ சொல்வாய். ஆஸ்பத்திரி லேபில் தட்டுத் தட்டாகக் கிருமியை வளர்த்துப் பார்க்கிறவள் நீ. உனக்கு நான் பாடம் நடத்த முடியாது. ஆனால் நீ படித்தவள், நான் விற்றவள். விற்றவளுக்குத் தெரிந்த சில விஷயங்கள் உனக்குத் தெரியாது. தெரியாதபடி நானே பார்த்துக்கொண்டேன்.

தொண்ணூற்றேழில் உன் அத்தா மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மெடிக்கல் ஷாப் போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வருஷத்துக்குள் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோனது, கடை என் தலையில் விழுந்தது. சுவரில் தொங்கிய சர்ட்டிபிகேட் வேறு யாருடையதோ. மருந்து எடுத்துக் கொடுத்தது எஸ்.எஸ்.எல்.சி. படித்த நான். ஆனாலும் மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு நான்தான் மெடிக்கல் அம்மா. சந்தை நாளில் மலைமேல் ஆலத்தூர் நாட்டு ஊர்களிலிருந்தும் பெரக்கரை நாட்டு ஊர்களிலிருந்தும் மிளகும் பலாவும் குச்சிக்கிழங்கும் தூக்கிக்கொண்டு வருவார்கள். திரும்பும்போது கடைவாசலில் நின்று, "ஏனுங்கம்மா, காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்பார்கள். நோயாளி மலைமேல் படுத்திருப்பார். கேட்க வந்தவருக்குக் காய்ச்சல் என்ற ஒரு சொல்தான் தெரியும். நான் கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு அட்டையிலிருந்தும் ஒன்றிரண்டு வெட்டுவேன். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கேப்சூல். பழைய பேப்பரில் மடித்தால் அது ஒரு செட்டு. அந்தக் கேப்சூல் இல்லாவிட்டால் செட்டு என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

கையில் இருக்கும் காசுக்குத் தக்கபடி வாங்குகிறார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது பாதிதான். பெரக்கரை நாட்டுப் பொன்னுசாமியிடம் ஒருதரம், அட்டையாகவே எடுத்துக்கொண்டு போயேன் என்று சொன்னேன். அவர் கையை உதறினார். "ஐயோ, வேண்டாமுங்க. மாத்திரைய மிச்சம் வெச்சா ஊட்டுக்குள்ள வியாதிக்குப் பாய் போட்ட மாதிரி." மருந்துக் கடையிலிருந்து கிளம்பும்போது அவர்கள் வாரேன் என்று சொல்லமாட்டார்கள், தெரியுமா? சொன்னால் நோயும் திரும்பி வரும். வாங்கியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார்கள். அதை நான் எவ்வளவு மெச்சியிருக்கிறேன்! மிச்சம் வைக்காத ஜனங்கள், நாணயமான ஜனங்கள் என்று உன்னிடமே பெருமை பேசியிருக்கிறேன். இரண்டு வேளைக்கு மேல் கொடுத்து ஏமாற்றாத கடைக்காரி என்று எனக்கும் ஊரில் பெயர். அந்தப் பெயருக்காகவே நான் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

நீ சேலத்தில் இரண்டாம் வருஷம் படித்தபோது லீவுக்கு வந்து கல்லாப்பக்கம் உட்கார்ந்திருந்த அந்தச் சந்தை நாளை நீ மறந்திருக்கமாட்டாய். பொன்னுசாமி வந்தார். அவர் பெண்டாட்டி செல்லம்மாவுக்கு வீட்டிலேயே பிரசவமாகி எட்டு நாள், இரண்டு நாளாகக் குளிர் காய்ச்சல் என்றார். நான் வழக்கம்போலக் கத்தரிக்கோலை எடுத்தேன். நீ எழுந்து நின்றாய். "அண்ணா, இதை அஞ்சு நாளைக்கு விடாமக் குடுக்கணும். காய்ச்சல் நின்னாலும் நிறுத்தக் கூடாது. அதைவிட, அவங்களைக் கீழ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துருங்க. புள்ள பெத்தவங்களுக்கு வர்ற காய்ச்சல் சும்மா விடாது" என்றாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ரெண்டு நாளைக்குக் குடுக்கறதுக்கு குடுக்காமயே இருக்கலாம்மா" என்றாய். கடை நிறைய ஆள். எனக்கு வந்ததே கோபம்! "படிச்ச திமிரையெல்லாம் காலேஜ்ல காட்டுடி. நாலெழுத்துப் படிச்சுட்டு எனக்கே புத்தி சொல்ல வந்துட்டா. எந்திரிச்சு உள்ள போ" என்றேன். உன் முகம் சிவந்து கண் கலங்கியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நாலு கேப்சூல் வெட்டினேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரண்டு நாளைக்கு. பொன்னுசாமி உன்னைப் பார்த்து, "பாப்பா நல்லதுக்குத்தானுங்க சொல்லுது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அன்று சாயந்தரம் நீ தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய். நான்தான் சமாதானத்துக்கு வந்து, என்னதான் உங்கள் வாத்தியார் சொல்கிறார், சொல்லு கேட்போம் என்றேன். நீ துருவிக்கொண்டே சொன்னாய். அரைகுறையாக மருந்து கொடுத்தால் சாவதெல்லாம் நோஞ்சான் கிருமிதான். தாக்குப்பிடித்தது உயிரோடு நிற்கும். அரைமணி நேரத்துக்குள் அது இரண்டாகும், இரண்டு நாலாகும், எல்லாமே தாக்குப்பிடிக்கிற சாதியாக இருக்கும். இதற்கு ஆயிரம் வருஷமெல்லாம் வேண்டியதில்லை, நம் கண்முன்னாலேயே ஒரு உயிர் வேறு மாதிரி மாறிக்கொண்டிருக்கிறது என்றாய். நாம் ஒரு பிள்ளையைச் சுமந்து பெறுவதற்குள் அது எத்தனை தலைமுறை பார்த்துவிடும் என்று நீ விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, எண்ண முடியாமல் விட்டுவிட்டாய். நான் சிரித்தேன். கிருமிக்குக்கூட பேரன் பேத்தி எடுக்கிற யோகமா என்று கிண்டல் செய்தேன்.

லீவு முடிந்து நீ ஹாஸ்டலுக்குப் போனாய். அடுத்து நடந்ததை இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன். செல்லம்மாவுக்கு இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. நாலாம் நாள் திரும்பி வந்தது. பொன்னுசாமி மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்து, "அந்தச் செவப்பு மஞ்சளே குடுங்கம்மா, அதுதான் கேட்டுச்சு" என்றார். மறுபடி நாலு வெட்டிக் கொடுத்தேன். இந்தமுறை கேட்கவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது, "வேற கொஞ்சம் பவரா இருந்தாக் குடுங்க" என்றார். வேறு அட்டையை எடுத்து அதிலும் இரண்டு நாளைக்கே வெட்டினேன். உன் சொல் காதில் இருந்தது, கண்ணு. இல்லவே இல்லை என்று சொன்னால் அல்லாஹ் என்னை மன்னிக்கமாட்டான். ஆனால் உன்னைக் கடை நிறைய ஆள் முன்னால் திட்டிய வாய், அதே ஆளிடம் போய் எப்படி அஞ்சு நாளைக்கு வாங்கிக்கொள் என்று சொல்லும்? நாலைந்து நாள் கழித்து, கம்பில் தூளி கட்டி நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கடைக்கு எதிரேதான் ஜீப்பில் ஏற்றினார்கள். தூளிக்கு வெளியே தொங்கிய அவள் கை வீங்கிப் பளபளவென்று இருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து போய்விட்டாள். குழந்தை பிழைத்தது.

அடுத்த லீவுக்கு வந்த நீ செருப்பைக்கூடக் கழற்றாமல், "பொன்னுசாமி அண்ணன் ஊட்ல எப்படி இருக்காங்க?" என்று கேட்டாய். நல்லா இருக்காள் என்றேன். நீ சேலத்தில் வாங்கிவந்த பூப்போட்ட கவுனை என்னிடம் கொடுத்து, செல்லம்மா அக்காகிட்ட குடுத்துரும்மா என்றாய். பொன்னுசாமியிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அவளிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். இத்தனை வருஷமாக அவள் மலைமேல் உயிரோடு இருப்பதாகவே நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் கல்யாணத்துக்கு அவளுக்கும் பத்திரிகை கொடுக்கச் சொன்னாய். நான் சரி என்றேன். ஒரு பொய்யை எத்தனை வருஷம் ஊட்டி வளர்த்திருக்கிறேன், பார்.

திருந்தவே முயலவில்லை என்று நினைக்காதே. செல்லம்மா போனபிறகு ஒரு வருஷம் முழுசாக இரண்டு வேளைக்கு என்று யாருக்கும் கேப்சூல் வெட்டவில்லை. ஐந்து நாளைக்கு வாங்கு, இல்லையென்றால் டாக்டரைப் பார் என்றேன். வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், எதிர்ப்பக்கம் புதிதாகத் திறந்திருந்த கடைக்கு ரோட்டைத் தாண்டிப் போனார்கள். அந்தக் கடையிலும் கத்தரிக்கோல் இருந்தது. என் கடையில் ஈ ஓட்டினேன். நீ படித்துக்கொண்டிருந்தாய். பதின்மூன்றாவது மாதம் நானும் கத்தரிக்கோலை எடுத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கோபம் தெளிஞ்சிருச்சுங்க என்று மலைக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

செட்டு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. அடிவாரத்தில் கோழிப்பண்ணை வரிசையாக வந்ததே, அவர்களுக்குத் தண்ணீரில் கலக்கும் மஞ்சள் பொடியையும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். மனுஷனுக்கு நாலு கேப்சூலில் கொடுக்கும் அதே மருந்து, கோழிக்கு மூட்டையில். நோய் வந்த கோழிக்கு அல்ல, வராமல் இருக்க. அந்தப் பண்ணை எரு லாரியில் ஏறி மலைமேல் குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போனது. மலைப் பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். ஒரு அறையில் பன்னிரண்டு பேர் படுத்து, அங்கே வந்த காய்ச்சலுக்கு அங்கேயும் யாரோ ஒரு கடைக்காரி வெட்டிக் கொடுத்ததைத் தின்று, பாதி சுகமாகி, நோம்பித் திருவிழாவுக்கு ஊர் திரும்பினார்கள். முன்பெல்லாம் மலைமேல் அரிவாள் வெட்டுப்பட்டவனுக்கு ஒரு பென்சிலின் ஊசியில் புண் காய்ந்துவிடும். கடைசி வருஷங்களில் முள் குத்தியதற்கு மூன்று விதமான அட்டையை மாற்றிக் கொடுத்தேன். பட்டணத்தில் பழகிய கிருமி பஸ் ஏறி மலைக்கு வந்தது, மலையில் பழகியது பட்டணத்துக்குப் போனது. நடுவில் பஸ் நிற்கும் இடத்தில் நான் கடை வைத்திருந்தேன்.

இனி என் காலுக்கு வருகிறேன். இதைப் படித்துவிட்டு உன் கல்யாணத்தைக் குறை சொல்லிக்கொண்டு அழக்கூடாது, சொல்லிவிட்டேன். உன் நிக்காஹ் அன்றைக்குப் புதுச் செருப்பு போட்டு மண்டபத்துக்கும் வீட்டுக்குமாக நடந்ததில் விரல் இடுக்கில் கொப்புளம் வந்தது. எனக்குச் சர்க்கரை இருப்பது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். நான் என்ன செய்தேன், சொல்லு பார்ப்போம். கடைக்குப் போய், கத்தரிக்கோலை எடுத்து, எனக்கே ஒரு செட்டு போட்டுக்கொண்டேன். இரண்டு நாளில் வலி குறைந்தது, நிறுத்திவிட்டேன். மறுவாரம் வீங்கியது, வேறு அட்டை, இரண்டு நாள். அப்புறம் இன்னொன்று. அலமாரி முழுக்க மருந்து வைத்திருந்தவள், ஒரு அட்டையை முழுசாகத் தின்னவில்லை. ஊருக்கு வெட்டிக் கொடுத்துக் கொடுத்துக் கை பழகிவிட்டது. தன் வினை தன்னைச் சுடும் என்பதை இவ்வளவு நேராக யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

விரல்களை எடுத்த பிறகு சேலத்து டாக்டர் புண்ணைத் துடைத்து லேபுக்கு அனுப்பினார். நீ செய்கிற அதே வேலைதான், வேறு யாரோ ஒரு பெண் செய்திருப்பாள். காகிதம் வந்தது. வரிசையாக மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலத்தில் ஆர் என்ற எழுத்து. "இது எதுவும் கேக்காதுன்னு அர்த்தம்மா" என்றார் டாக்டர். நான் பெயர்களைப் படித்துக்கொண்டே போனேன். ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின், அப்படியே கீழே கீழே. என் கடை அலமாரியில் இடது கை மேல்தட்டிலிருந்து நான் அடுக்கி வைத்திருந்த அட்டைகள் அவ்வளவும் அந்தக் காகிதத்தில் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொன்றையும் எடுப்பேனே, அந்த அட்டைகள். கடைசியில் ஒரே ஒரு ஊசிக்கு மட்டும் எதிரே வேறு எழுத்து இருந்தது. அதைப் போட்டார்கள், புண் பாதி ஆறி நின்றுவிட்டது. இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. உங்க ஊரா இருக்கலாம், இந்த வார்டாவே இருக்கலாம்" என்றார். யா அல்லாஹ், நான் வளர்த்ததா என்றுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியப்போவதில்லை. தெரிந்தாலாவது அழுது தீர்த்துவிடலாம்.

போன மாதம் பொன்னுசாமி ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடையை மூடிவிட்டதால் அதை ஒட்டியிருக்கும் வீட்டுக்கே வந்துவிட்டார். செல்லம்மா போன வருஷத்திலிருந்து ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு பழம் தவறியதில்லை. என்றைக்கும் ஒரு சொல் குறையாகச் சொன்னதில்லை. கூடவே அந்தக் குழந்தையும் வந்திருந்தாள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், அம்மா ஜாடை அப்படியே. நீ வாங்கிக் கொடுத்த கவுனை ஒரு வருஷம் போட்டாளாம். எனக்குத் தாங்கவில்லை, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். நாலு நாலாக வெட்டிக் கொடுத்தது தப்பு, என் மகள் சொன்னதுதான் சரி, நான்தான் கேட்கவில்லை என்றேன். கிருமி எப்படித் தேறுகிறது என்று நீ சொன்ன மாதிரியே சொன்னேன். திட்டுவார், எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன்.

அவர் யோசித்துவிட்டு, "சாமை அறுக்கறப்ப, மழைக்கும் பூச்சிக்கும் தாக்குப்புடிச்ச கதிராப் பார்த்து விதைக்கு எடுத்து வெப்பமுங்க. அப்படித்தானுங்களா?" என்றார். ஆமாம் பொன்னுசாமி, அப்படித்தான் என்றேன். "அப்ப நாம ரெண்டு பேரும் ஒட்டுக்கா விதை எடுத்திருக்கமுங்கம்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அப்புறம் எழுந்து துண்டை உதறிக்கொண்டு, "புள்ளைக்கு நேத்திருந்து உடம்பு காயுதுங்க. எதிர்க்கடையில ரெண்டு வேளைக்கு வாங்கிட்டுக் கெளம்பறேன்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒற்றைக் காலில் எழுந்துவிட்டேன். "ஏனப்பா, இத்தனை நேரம் செவுத்துக்கா சொன்னேன்?" என்று கத்தினேன். அவர் சங்கடமாகச் சிரித்தார். "கேட்டேனுங்கம்மா. ஆனா நாளைக்குக் கெழங்கு லோடு ஏத்தணும். அஞ்சு நாளைக்கு யாருங்க ஊட்ல உக்காந்து நேரம் பார்த்துக் குடுக்கறது? காய்ச்சல் நின்னாப் போதும். வாரேனுங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இது கடை இல்லையே, வீடுதானே என்று நானே சமாதானம் சொன்னேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செல்லம்மாவின் மகள் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். எதிர்க்கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். பேப்பரில் மடித்ததைப் பொன்னுசாமி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், வராதே. அப்படியானால் அங்கேயே பெற்றுக்கொள், கோயம்புத்தூரில் எல்லாம் சுத்தம் என்று எழுதவும் எனக்கு வாய் இல்லை. "எங்க ஆஸ்பத்திரில இருக்கிறது உன் கால்ல இருந்ததைவிட மோசம்மா" என்று நீயே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாய். சிரிக்கிற விஷயமா அது? ஒரு தாய் மகளிடம் இங்கே வராதே என்று சொன்னால், வேறு எங்கேயாவது போ என்று கையைக் காட்டத் தெரியவேண்டும். எனக்குக் காட்ட இடம் இல்லை. மருந்து கொடுத்தால் கடைசி மாத்திரைவரை சாப்பிடு. சளிக்கும் இருமலுக்கும் கேப்சூல் கேட்காதே. பிறந்ததும் பிள்ளைக்குப் பால் கொடு, பார்க்க வருகிறவர்கள் கையில் எல்லாம் கொடுக்காதே. பிரசவமான பிறகு காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. இதையெல்லாம் நீ செய்வாய். உன் அடுத்த வீட்டுக்காரி செய்யமாட்டாள், அவள் வீட்டு வேலைக்காரி செய்யமாட்டாள், பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்காருகிறவள் செய்யமாட்டாள். நீ ஒருத்தி ஒழுங்காக இருந்து என்ன? தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. இப்படி எழுதக்கூடாது என்று தெரிகிறது. வேறு மாதிரி எழுத வரவில்லை.

உன் பிள்ளைக்கென்று என் பழைய நூல்சேலைகளைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து இருபது துணி சேர்த்திருந்தேன். நீ பிறந்தபோது என் அம்மா அப்படித்தான் செய்தார். போனில் உன்னை வராதே என்று சொன்ன மறுநாள் அவற்றையாவது பார்சலில் அனுப்பலாம் என்று எடுத்தேன். அப்புறம் என் கையைப் பார்த்தேன். அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தேன், வெயிலில் இரண்டு நாள் உலர்த்தினேன், மறுபடி கொதிக்க வைத்தேன். இதற்குமேல் அதில் எதுவும் உயிரோடு இருக்காது என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும். ஆனாலும் மடிக்கும்போது மறுபடி என் கைதானே படுகிறது? கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டேன். நீ அங்கே கடையில் புதுத்துணியாக வாங்கித் துவைத்து வைத்துக்கொள். பிள்ளை பிறந்ததும் மாப்பிள்ளையைப் போன் பண்ணச் சொல், அழுகைச் சத்தத்தைப் போனில் கேட்க வைக்கச் சொல். அதுபோதும். ஒரு போட்டோ அனுப்பு. நேரில் கொண்டுவந்து என் மடியில் போடலாம் என்று மட்டும் நினைக்காதே, நான் எவ்வளவு கெஞ்சிக் கூப்பிட்டாலும் வராதே. ஒருநாள் கூப்பிடுவேன், எனக்குத் தெரியும்.

செல்லம்மாவைப் பற்றி நான் சொன்ன பொய்க்கு உன்னிடம் மன்னிப்பு கேட்கிறேன். கொடுக்க மனம் வராவிட்டால் கொடுக்கவேண்டாம். இந்தக் கடிதத்தையும் என் கையால்தான் எழுதினேன், மடித்து உறையில் போடப்போவதும் இதே கைதான். இன்று காலையில் கட்டு மாற்றிய கை. படித்து முடித்ததும் இதை வைத்துக்கொள்ளாதே, எரித்துவிடு. எழுந்து போய்ச் சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் நன்றாகக் கழுவு. அதற்கப்புறம் வயிற்றைத் தொடு.

உன் அம்மா